மச்சான் வீட்டு மாடிக்கு ஹவுசிங் பெனிஃபிட் வருமா?

2025 செப்டம்பர் 14, ஞாயிறு இரவு (கேள்வி)

லண்டன் ஈஸ்ட்ஹாம். நான், மனைவி, மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. மச்சானின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கிழமைக்கு 300 பவுண், கையில் காசாகக் கொடுப்பது. எனக்குக் கிழமைக்கு 30 மணித்தியால வேலை, அடிப்படைச் சம்பளம். எல்லோருக்கும் நிரந்தர விசா. கவுன்சிலில் (உள்ளூராட்சி) வாடகை உதவியான ஹவுசிங் பெனிஃபிட் கேட்டேன், உங்களுக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் ஒன்றும் கிடைக்காது என்று கடையில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

செப்டம்பர் 14, கொஞ்சம் பிந்தி (பதில்)

கவுன்சில் சொன்னது சரி. கடைக்காரர் சொன்னது பாதி சரி. இரண்டும் வேறு வேறு விஷயம்.

ஹவுசிங் பெனிஃபிட் என்ற பெயரில் புதிதாக விண்ணப்பம் போடக்கூடியவர்கள் இப்போது இரண்டு வகைதான். ஒன்று, அரச ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள் (இன்றைக்கு 66, துணை இருந்தால் இரண்டு பேருமே தாண்டியிருக்க வேண்டும்). மற்றது, கவுன்சில் கொடுத்த தற்காலிக வீட்டிலோ, பராமரிப்போடு சேர்ந்த சப்போர்ட்டட் ஹவுசிங்கிலோ இருப்பவர்கள். மற்ற எல்லோருக்கும் வாடகை உதவி, குறைந்த வருமானக்காரருக்கான அரச உதவியான யூனிவர்சல் கிரெடிட்டின் (யூ.சி.) ஒரு பகுதியாகத்தான் வரும். அதைக் கவுன்சிலில் கேட்டுப் பயனில்லை, இணையத்தில் யூ.சி. கணக்குத் திறக்க வேண்டும். கவுன்சில் மேசையில் இருப்பவர் “இல்லை” என்று சொல்வதோடு இதையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவோ பேருக்கு மாதக்கணக்கில் காசு மிஞ்சும்.

இனி என் கேள்வி: எந்த மச்சான்?

செப்டம்பர் 15

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. யூ.சி. விதியில் “நெருங்கிய உறவு” என்று ஒரு பட்டியல் உண்டு: தாய், தகப்பன், மாமன் மாமி (கணவன் அல்லது மனைவியின் பெற்றோர்), மகன், மகள், மருமகன், மருமகள், மாற்றாந்தாய் மாற்றாந்தகப்பன், துணையின் முன்னைய உறவில் பிறந்த பிள்ளைகள், கூடப்பிறந்த சகோதரம். இவர்களுடைய கணவன், மனைவி, துணையும் சேர்த்தி. வீட்டுக்காரர் இந்தப் பட்டியலில் இருந்து, அதே வீட்டில் உங்களோடு வசித்தால் வாடகைப் பகுதி கிடையாது. உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் மனைவிக்கோ பிள்ளைக்கோ அவர் இந்த உறவாக இருந்தாலும் அதே கதைதான்.

இப்போது நம்முடைய முறைகளை இதில் பொருத்திப் பாருங்கள். மனைவியின் அண்ணன் தம்பி மச்சான், அவர் பட்டியலில் இருக்கிறார். அக்காவின் கணவர் அத்தான், அவரும் இருக்கிறார். ஆனால் மாமியின் மகனும் நமக்கு மச்சான்தான், அவர் பட்டியலில் இல்லை. சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன், ஒன்றுவிட்ட அண்ணன், பெறாமகன் ஒருவரும் இல்லை. சித்தப்பா மகனை வாய்நிறைய அண்ணா என்று கூப்பிட்ட பழக்கத்தில் விண்ணப்பத்திலும் “சகோதரர்” என்று எழுதி வாடகைப் பகுதியை இழப்பது நடக்கிற பிழை. ஒன்றுவிட்ட சகோதரம் என்றால் “கசின்” என்றே எழுதுங்கள்.

சொந்தச் சகோதரமே வீட்டுக்காரராக இருந்தும் அவர் வேறு வீட்டில் வசித்தால் தடை இல்லை. அப்போது பார்ப்பது ஒன்றைத்தான்: வாடகை உண்மையான வாடகையா? பேசின தொகை, ஒழுங்காகக் கைமாறும் காசு, கொடுக்காவிட்டால் எழுப்புவார் என்ற நிலை, இவை இருக்க வேண்டும். பெனிஃபிட் எடுப்பதற்கென்றே கட்டிய ஒப்பந்தம் என்று பட்டால் மறுப்பார்கள்.

செப்டம்பர் 15, இரவு (கேட்டவர்)

மனைவியின் தம்பி. கீழ்மாடியில் அவர் குடும்பம். வாசல் கதவு ஒன்று, குசினி ஒன்று.

செப்டம்பர் 16

அப்படியென்றால் அந்த வீட்டில் இருக்கும்வரை வாடகைப் பகுதி வராது. மாடிக்குத் தனிக் கதவு, தனிக் குசினி, தனிக் கவுன்சில் டாக்ஸ் கணக்கு என்று பிரிந்த வீடாக இருந்தால் வாதாட இடமிருந்தது. உங்களுக்கு இல்லை.

ஆனால் கடைக்காரரின் பிழையான பாதி இனித்தான் வருகிறது. “ஒன்றும் கிடைக்காது” என்றாரே, அது. வாடகைப் பகுதி இல்லையென்றால் யூ.சி. இல்லை என்று அர்த்தமில்லை. 2025–26 கணக்கில் உங்கள் குடும்பத்துக்கு:

தம்பதி, 25 வயதுக்கு மேல்: 628.10
இரண்டு பிள்ளைகள், 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்தவர்கள், தலைக்கு 292.81: 585.62
கூட்டினால் 1,213.72.

30 மணித்தியாலம், 12.21 வீதம், மாதத்துக்கு 1,587 வரை வரும். வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் போகக் கையில் ஏறக்குறைய 1,436 (வேலையிடத்து பென்ஷனுக்கு வெட்டினால் இன்னும் குறையும், அந்தக் காசை யூ.சி. வருமானமாக எடுக்காது). பிள்ளை உள்ளவர்களுக்கு வருமானத்தில் ஒரு பகுதியைத் தொடமாட்டார்கள். வாடகைப் பகுதி எடுக்காதவருக்கு அது 684. மிச்சம் 752. அதில் 55 சதவீதம், 413.60, கழியும். கைக்கு மாதம் 800 பவுண் சொச்சம்.

சேமிப்பு 6,000க்குக் கீழே என்று வைத்துப் போட்ட கணக்கு. இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். முன்தேதியிட்டு எடுக்கலாம் என்று நினைத்து ஆற வேண்டாம். யூ.சி.யில் கூடியது ஒரு மாதம்தான், அதுவும் சுகயீனம், கணினிக் கோளாறு போல வரையறுத்த காரணம் வேண்டும். “தெரியாமல் இருந்துவிட்டேன்” அந்தப் பட்டியலில் இல்லை.

செப்டம்பர் 17 (கேட்டவர்)

போட்டாயிற்று. மனைவி, விண்ணப்பிக்காமல் விட்ட மூன்று வருடத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டு இருக்கிறா. கடைப்பக்கம் போகவில்லை.

செப்டம்பர் 21

தனியாக வீடு எடுத்தால் என்ன வரும் என்று தனிமடலில் கேட்டிருந்தார். எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே.

தனியார் வீட்டில் வாடகை எவ்வளவாக இருந்தாலும் உச்ச அளவு லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ், எல்.எச்.ஏ. வாடகை அதைவிடக் குறைவென்றால் வாடகைதான். ஒவ்வொரு வட்டாரத்திலும் வாடகைகளை மலிவிலிருந்து வரிசையாக அடுக்கினால் நூறில் முப்பதாவது இடத்தில் நிற்கும் தொகை அது. 2011 வரை நடு இடம் இருந்தது, அங்கிருந்து முப்பதுக்கு இறக்கினார்கள். கடைசியாகத் திருத்தியது 2024 ஏப்ரலில், 2023 செப்டம்பர் வரை சேர்த்த வாடகைகளை வைத்து. அதற்குப் பிறகு உறைநிலை. அதனால் “முப்பது சதவீத வீடு என் காசுக்குள் இருக்க வேண்டுமே” என்று இன்றைய விளம்பரங்களில் தேடினால் கண்ணில் படாது. அரச இணையதளத்தில் தபால் குறியீட்டை அடித்தால் தொகை வரும். வட்டார எல்லை கவுன்சில் எல்லையோடு ஒத்துப்போகாது. வீடு பார்க்கும்போது ஒவ்வொரு விலாசத்துக்கும் தனித்தனியாக அடித்துப் பாருங்கள்.

அறைக் கணக்கு: தம்பதிக்கு ஒன்று. 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒவ்வொருவருக்கும் ஒன்று. 16க்குக் கீழே ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஒன்று. 10 வயதுக்குக் கீழே ஆணோ பெண்ணோ இருவருக்கு ஒன்று. உச்சம் நான்கு அறை. உங்கள் மகளுக்கு 10 ஆகும்வரை இரண்டு அறை அளவு, 10 ஆனதும் மூன்று. அந்தப் பிறந்தநாளை ஜர்னலில் (யூ.சி. இணையக் கணக்கில் செய்தி எழுதும் இடம்) நீங்களும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

இரண்டு அறை அளவு 1,250 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால்: 1,213.72 + 1,250 = 2,463.72. வாடகைப் பகுதி எடுத்தவுடன் தொடாமல் விடும் தொகை 684இலிருந்து 411க்கு இறங்கும், இதை மறந்துதான் பலர் கணக்குப் பிழைக்கிறது என்கிறார்கள். 1,436 – 411 = 1,025, அதில் 55 சதவீதம் 563.75. யூ.சி. 1,899.97.

செப்டம்பர் 22

இந்தக் கணக்கு நீங்கள் வேலையில் இருக்கும்வரை. வேலை போனால் பெனிஃபிட் கேப் (மொத்த அரச உதவிக்கான உச்ச வரம்பு) வந்து குந்தும். லண்டனுக்குள் குடும்பத்துக்கு மாதம் 2,110.25, வெளியே 1,835. தனி ஆளுக்கு லண்டனில் 1,413.92, வெளியே 1,229.42. உங்கள் 2,463.72இல் 353.47 வெட்டு விழும்.

செப்டம்பர் 23

நேற்றைய 353.47 பிழை. சைல்ட் பெனிஃபிட்டை விட்டுவிட்டேன், அதுவும் கேப்புக்குள் எண்ணப்படும். முதல் பிள்ளைக்கு 26.05, அடுத்ததுக்கு 17.25, கிழமைக்கு 43.30, மாதத்துக்கு 187.63. கூட்டு 2,651.35. வெட்டு 541.10. சின்னப் பிழையில்லை, யாராவது என் பழைய கணக்கை நம்பி வீடு எடுத்திருந்தால் மாதம் 188 பவுண் துண்டு விழுந்திருக்கும்.

தப்பும் வழிகள்: இருவர் சம்பளமும் சேர்ந்து கையில் மாதம் 846 வந்தால் கேப் இல்லை. இயலாமை உதவிகளான பிப், டி.எல்.ஏ., பிறரைப் பராமரிப்பவருக்கான கேரர் பகுதி, வேலை செய்ய முடியாத நிலைக்கான கூடுதல் பகுதி இருந்தாலும் இல்லை. வேலை போகுமுன் 12 மாதமும் அந்த எல்லைக்கு மேல் உழைத்திருந்தால் 9 மாத அவகாசம் உண்டு. “16 மணித்தியாலம் வேலை செய்தால் போதும்” என்று சொல்கிற பழைய கதையை விடுங்கள். பார்ப்பது தொகையை, மணித்தியாலத்தை அல்ல. 20 வயதுக்காரருக்கு மணிச் சம்பளம் குறைவு, 16 மணித்தியாலத்தில் 846 வராது.

அக்டோபர் 2 (வேறொருவர்)

அண்ணா, எனக்கு 29, தனி ஆள். வெம்பிளியில் ஐந்து பேர் வீட்டில் ஒரு அறை. எனக்கு இந்த ஒரு அறை அளவுதானே?

அக்டோபர் 2

இல்லை தம்பி. 35க்குக் கீழே தனி ஆள் என்றால் பகிர்ந்த வீட்டு அளவுதான், ஒரு அறை வீட்டு அளவைவிட நன்றாகக் குறைவு. தனி வீடே எடுத்தாலும் அவ்வளவுதான் தருவார்கள். 2012க்கு முன் இந்த எல்லை 25ஆக இருந்தது. விலக்கு உண்டு: பிப்பில் அன்றாட வாழ்வுப் பகுதி எடுப்பவர், கவுன்சில் பராமரிப்பில் வளர்ந்து 25 ஆகாதவர், வீடற்றோர் விடுதியில் மொத்தமாக 3 மாதம் இருந்தவர், வீட்டு வன்முறையிலிருந்து வந்தவர். விடுதியில் இருந்திருந்தால் அங்கிருந்து ஒரு கடிதம் எடுத்து வையுங்கள். வருடங்கள் போனபின் அந்தக் கடிதம் எடுப்பது வில்லங்கம்.

35க்கு மேற்பட்டவரும் பகிர்ந்த வீட்டில் இருந்தால் பகிர்ந்த அளவுதான்.

இன்னொன்று, ஐந்து பேரோ அதற்கு மேலோ, இரண்டு குடும்பமாகவோ அதற்கு மேலாகவோ ஒரே வீட்டில் குசினி பகிர்ந்தால் வீட்டுக்காரரிடம் எச்.எம்.ஓ. (பலர் பகிரும் வீடு) உரிமம் இருக்க வேண்டும். ஒருவர் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. உரிமம் இல்லாத காலத்து வாடகையில் 12 மாதம் வரை திருப்பிக் கேட்டு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கும் வாடகை கொடுத்த ஆதாரம் வேண்டும்.

அக்டோபர் 4

மேலே கடைசிக்கு முதல் பந்தியில் 35க்கு மேற்பட்டவரைப் பற்றி எழுதியது ஹவுசிங் பெனிஃபிட் விதி, பழக்கத்தில் வந்துவிட்டது. யூ.சி.யில் அப்படியில்லை. யூ.சி. பார்ப்பது ஆளை, வீட்டின் வகையை அல்ல. 35 வயது ஆனவர் ஐந்து பேர் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தாலும் அவருக்கு உச்ச அளவு ஒரு அறை வீட்டு எல்.எச்.ஏ. அறை வாடகை 850, ஒரு அறை அளவு 1,000 என்றால் 850ம் முழுதாக வரும். ஓய்வூதிய வயதில் ஹவுசிங் பெனிஃபிட் எடுப்பவர் அதே அறையில் இருந்தால் பகிர்ந்த அளவு. ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைக்கு இரண்டு சட்டம். நான் எழுதிய சட்டமில்லை.

அக்டோபர் 12

காசாகக் கொடுக்கிற வாடகை பற்றி நாலு பேர் கேட்டாயிற்று.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால் உரிமை இல்லாமல் போகாது. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஆனால் வாடகை இருக்கிறது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். எது செல்லும்: வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் (விலாசம், வாடகை, எப்போது தொடங்கியது, எத்தனை அறை, கரண்ட் காஸ் உள்ளடக்கமா), ரசீதுகள், ஒவ்வொரு கிழமையும் வங்கியில் அதே தொகை எடுத்ததைக் காட்டும் கூற்று. கிழமை வாடகை என்றால் வீட்டுக்காரர் வாடகைப் புத்தகம் கொடுக்கவேண்டும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, கேட்டால் சிரிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். அவருடைய பெயரும் விலாசமும் தெரியாவிட்டால் வாடகை வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள், 21 நாளுக்குள் தரவேண்டும்.

இதையெல்லாம்விடச் சுலபம் இன்றிலிருந்து வங்கியில் அனுப்பத் தொடங்குவது. “எனக்கு டாக்ஸ் பிரச்சினை வரும், யூ.சி. எடுக்காதே” என்பவரின் வரிக்கு நீங்கள் மாதம் நூற்றுக்கணக்கில் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

தொகை எழுதும்போது: கிழமை வாடகையை 4ஆல் பெருக்கி மாத வாடகை என்று எழுதாதீர்கள். 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும். 230 பவுண் என்றால் 996.67, நாலால் பெருக்கினால் 920. “கிழமைக்கு ஒருமுறை” என்று தெரிவு செய்து 230 என்றே போட்டால் கணினி தானே செய்யும்.

அக்டோபர் 19 (ஒரு அக்கா)

அப்பாவுக்கு 69, அம்மாவுக்கு 63. ஹவுசிங் பெனிஃபிட்டா யூ.சி.யா? இன்னொன்று, ஜனவரியில் ஊருக்கு ஆறு கிழமை போகினம், பயணத்தைச் சொல்ல வேணுமா?

அக்டோபர் 19, இரவு

யூ.சி. 2019 மே 15 முதல் ஒருவர் மட்டும் வயது தாண்டிய தம்பதிக்கு அதுதான். முன்பிருந்தே தொடர்ந்து ஹவுசிங் பெனிஃபிட் எடுத்து வந்தவர்களுக்கு வேறு. இருவரும் தாண்டினால் பென்ஷன் கிரெடிட்டும் (தம்பதிக்குக் கிழமைக்கு 346.60, தனி ஆளுக்கு 227.10 வரை நிரப்பும்) கவுன்சிலில் ஹவுசிங் பெனிஃபிட்டும். அங்கே 3 மாதம் வரை முன்தேதி உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை.

பயணத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். யூ.சி.யில் வெளிநாடு ஒரு மாதம், ஹவுசிங் பெனிஃபிட்டில் 4 கிழமை. கவனிக்க வேண்டியது “எதிர்பார்க்கும் காலம்”. ஆறு கிழமைக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனால் உரிமை நாலாவது கிழமையில் முடிவதில்லை, புறப்பட்ட நாளோடு முடிகிறது. போன இடத்தில் நெருங்கிய உறவு இறந்து, திரும்புவது நியாயமில்லை என்றால் யூ.சி.க்கு இன்னொரு மாதம், ஹவுசிங் பெனிஃபிட்டுக்கு மொத்தம் 8 கிழமை. இறப்புச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள். டிக்கெட்டை 28 நாளுக்குள் சுருக்க முடிந்தால் சுருக்குங்கள்.

ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட பெற்றோர் என்றால் இவை எதுவும் 5 வருடத்துக்கு இல்லை. வந்த நாள் அல்லது ஸ்பொன்சர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட நாள், எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும்.

அக்டோபர் 20

அக்காவின் கேள்வியில் மறைந்திருக்கும் அடுத்த கேள்வி: ஊரிலுள்ள காணி.

அது மூலதனம். சந்தை விலையில் 10 சதவீதம் விற்பனைச் செலவுக்குக் கழித்து, அதன்மேல் கடன் இருந்தால் அதையும் கழித்து எடுப்பார்கள். அந்த நாட்டிலிருந்து காசை வெளியே எடுக்கத் தடை இருந்தால், இங்கே இருந்து வாங்க விரும்பும் ஒருவர் என்ன கொடுப்பாரோ அதுதான் மதிப்பு, அது வழக்கமாகக் குறைவாகவே வரும். அந்த வீட்டில் ஓய்வூதிய வயது தாண்டிய தாயோ தகப்பனோ குடியிருந்தால் அந்த வீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். உறுதியில் நாலு சகோதரம் பெயர் இருந்தால் உங்கள் பங்குக்கு மட்டும் மதிப்பு, உறுதியின் பிரதி தேவைப்படும்.

எல்லைகள்: யூ.சி.யில் 6,000 வரை கவலையில்லை. அதற்குமேல் ஒவ்வொரு 250க்கும் (அதன் ஒரு பகுதிக்கும்) மாதம் 4.35 கழியும். 16,000க்கு மேல் உரிமையே இல்லை. ஓய்வூதிய வயது ஹவுசிங் பெனிஃபிட்டில் 10,000 வரை சும்மா, அதன்மேல் ஒவ்வொரு 500க்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானமாக எண்ணுவார்கள். பென்ஷன் கிரெடிட்டின் கியாரண்டி பகுதி எடுத்தால் 16,000 எல்லை கிடையாது.

தாலிக்கொடியும் காப்பும் தனிப்பட்ட உடைமை, எண்ணப்படாது. மூலதனத்தைக் குறைக்கவென்று போய் வாங்கினால் எண்ணப்படும். அந்தப் பவுண் இந்தப் பவுணாக மாறி வங்கியில் கிடந்தாலும் எண்ணப்படும்.

சீட்டு: எடுத்த காசு கணக்கில் இருக்கும்வரை உங்கள் மூலதனம், பிறகு கட்டி முடிக்கவேண்டிய காசுதான் என்றாலும். தாய்ச்சீட்டுப் பிடிப்பவர் கணக்கில் மற்றவர்களின் காசு புழங்கினால் அது தன் காசில்லை என்று கொப்பி வைத்துக் காட்ட வேண்டிவரும். காசை மகளின் கணக்குக்குத் தள்ளினால் இன்னும் உங்களிடம் இருப்பதாகவே எண்ணுவார்கள். உண்மையான கடனை அடைப்பது குற்றமில்லை, தாளை வைத்திருங்கள்.

அக்டோபர் 28

வாடகைதாரர் உரிமைச் சட்டம் நேற்று நிறைவேறியது. பெரும்பாலும் இங்கிலாந்துக்கு. நடைமுறைக்கு வரும் நாள் அறிவித்தபின் எழுதுகிறேன்.

அதுவரை இப்போதைய நிலை. ஏஜென்ட் வழக்கமாகப் பார்ப்பது வருட வருமானம் மாத வாடகையின் 30 மடங்கா என்று, பிணை நிற்பவருக்கு 36 மடங்கு. 1,300க்கு 39,000. குறைந்த சம்பளத்தில் இது எட்டாது. ஆனால் யூ.சி., சைல்ட் பெனிஃபிட், சம்பளம் எல்லாம் கூட்டிக் காட்டினால் எட்டக்கூடும், கேட்டவர் கணக்கையே எடுங்கள்: 1,900 + 1,436 + 187, வருடத்துக்கு 42,000க்கு மேல். யூ.சி. கூற்றுகளை அச்சிட்டு முதல் நாளே கொடுங்கள். “டி.எஸ்.எஸ். இல்லை” (அரச உதவி எடுப்பவருக்கு வீடு இல்லை) என்று பொதுவாகத் தள்ளுவது 2010 சமத்துவச் சட்டத்துக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு என்று 2020 ஜூலையில் யோர்க் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை ஒரு மின்னஞ்சலில் குறிப்பிட்டால் சில ஏஜென்டுகளின் குரல் மாறும், சிலர் “வீடு போய்விட்டது” என்பார்கள்.

டெபாசிட் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கேட்க முடியாது, பிடித்து வைக்கும் காசு ஒரு கிழமை. 30 நாளுக்குள் அங்கீகரித்த திட்டமொன்றில் போடாவிட்டால் ஒன்று முதல் மூன்று மடங்கு அபராதம். கையில் இல்லாதவர்கள்: யூ.சி.யில் 6 மாதம் ஆனபின் பட்ஜெட்டிங் அட்வான்ஸ், பிள்ளைகள் உள்ளவருக்கு 812 வரை. ஆனால் கடந்த 6 மாத உழைப்பு தம்பதிக்கு 3,600க்குக் கீழே இருந்தால்தான், முழுநேரம் உழைப்பவருக்குக் கிடைக்காது. அவர்கள் கவுன்சிலில் டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட் (கவுன்சில் தன் முடிவில் தரும் கூடுதல் வீட்டு உதவி) கேட்கலாம், அதற்கு வாடகைப் பகுதி உரிமை இருந்திருக்க வேண்டும். மச்சான் வீட்டு நண்பருக்கு அதுவும் இடிக்கும்.

நவம்பர் 9 (தனிமடலில் வந்தது, பெயர் எடுத்துவிட்டேன்)

“நான் பிரிட்டிஷ், மனைவி இப்போதுதான் ஸ்பவுஸ் விசாவில் வந்தா. யூ.சி. எடுத்தால் அவவின் விசா பாதிக்குமா?”

அவவுக்குப் பொது நிதி (அரச உதவிகள்) எடுக்கத் தடை. நீங்கள் எடுக்கலாம். திருமணமானதை மறைக்கக்கூடாது, அறிவித்தால் உங்களைத் தனி ஆள் அளவில் (400.14) வைத்துக் கணக்குப் போடுவார்கள், அவவுக்கென்று கூடுதலாக ஒன்றும் தரமாட்டார்கள், அதனால் விதி மீறாது. ஆனால் அவவின் சம்பளமும் சேமிப்பும் முழுதாக எண்ணப்படும். கொடுக்கும்போது ஒருவர், கழிக்கும்போது இருவர்.

நவம்பர் 14

சட்டம் 2026 மே 1 முதல். அன்றிலிருந்து காரணம் சொல்லாமல் எழுப்பும் செக்ஷன் 21 இல்லை, ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது, விளம்பர வாடகைக்கு மேல் ஏலம் விடமுடியாது, பெனிஃபிட் எடுப்பவர், பிள்ளைகள் உள்ளவர் என்று தள்ளுவதும் நேரடியாகத் தடை. ஆறு மாத வாடகையை முன்னே வைத்து வீடு பிடிக்கும் நம்மவர் உத்தியும் அன்றோடு முடிகிறது.

இடையில் செக்ஷன் 21 வந்தால் அந்தத் தேதியில் பெட்டி கட்டாதீர்கள். நீங்களாகப் போனால் “வேண்டுமென்றே வீடிழந்தவர்” என்று கவுன்சில் சொல்ல வழி வைக்கிறீர்கள். நோட்டீஸ் கிடைத்த கிழமையே கவுன்சிலுக்குப் போங்கள், 56 நாளுக்குள் வீடிழக்கக்கூடியவருக்கு உதவுவது அவர்கள் கடமை.

நவம்பர் 27

நேற்றைய பட்ஜெட்: இரண்டு பிள்ளை எல்லை 2026 ஏப்ரலில் போகிறது. கேப் போகவில்லை. லண்டனில் மூன்று பிள்ளையோடு கேப்பில் இருப்பவருக்குக் கூடுதலாகக் கைக்கு வராது. மூன்றாவது பிள்ளைக்குப் பணம் இல்லாதபோதும் அறைக் கணக்கில் அந்தப் பிள்ளை எப்போதும் இருந்தது, அதைக் கேட்காமல் விட்டவர்கள் இருந்தால் இப்போதாவது பாருங்கள்.

டிசம்பர் 7 (முதல் கேள்வி கேட்டவர்)

பார்க்கிங் (Barking) பகுதியில் இரண்டு அறை வீடு கிடைத்திருக்கிறது, கிழமைக்கு 285. தபால் குறியீட்டை அடித்துப் பார்த்தேன், அளவுக்குள் நிற்கிறது. திறப்பு 15ஆம் தேதியோ 20ஆம் தேதியோ எடுக்கலாம் என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

டிசம்பர் 7, பத்து நிமிடத்தில்

15! செப்டம்பர் 17 போட்டீர்கள், உங்கள் கணக்கு மாதம் 17 முதல் 16 வரை. மாதத்தின் கடைசி நாளில் எந்த வீட்டில் என்ன வாடகைக்கு இருக்கிறீர்களோ அதை முழு மாதத்துக்கும் போடுவார்கள், நாள் கணக்கில் பிரிக்கமாட்டார்கள். 15இல் குடிபோய் 16க்குள் ஜர்னலில் அறிவித்தால் நவம்பர் 17 முதலான மாதத்துக்கே வாடகைப் பகுதி. 20இல் போனால் அடுத்த மாதக் கணக்கில்தான். இதே விதி எதிர்ப்பக்கமும் வெட்டும்: வாடகை வீட்டிலிருந்து 15ஆம் தேதி அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் அந்த மாத வாடகை முழுதும் போச்சு.

திறப்பு மட்டும் எடுத்தால் போதாது, குடியிருக்க வேண்டும். கட்டிலில்லாவிட்டால் பாயைப் போடுங்கள்.

டிசம்பர் 8

விடுபட்டது: கவுன்சில் டாக்ஸ் குறைப்பு யூ.சி.யில் வராது. புதிய வீட்டுக் கவுன்சிலில் தனி விண்ணப்பம். பழைய வீட்டில் பில் மச்சான் பெயரில் இருந்ததால் உங்களுக்கு இது புதிது.

டிசம்பர் 23 (கேட்டவர்)

காசு வந்தது. 1,789.97. குறைவுபோல் இருக்கிறது. உச்ச அளவு குறைந்துவிட்டதா?

டிசம்பர் 23

அளவு குறையவில்லை. கூற்றில் “ஹவுசிங்” வரியைப் பாருங்கள், 1,140 என்று இருக்க வேண்டும். 285ஐ 4ஆல் பெருக்கி “மாதத்துக்கு” என்று போட்டிருக்கிறீர்கள். சரியான தொகை 1,235. மாதம் 95 பவுண்.

ஜர்னலில் இன்றைக்கே இப்படி எழுதுங்கள்: “வாடகை கிழமைக்கு 285. மாத வாடகை என்று பிழையாகப் பதிந்துவிட்டேன். டிசம்பர் 16இல் முடிந்த மாதத்துக்கான முடிவை மீள்பரிசீலனை செய்யவும்.” ஆங்கிலத்தில்தான். ஒப்பந்தத்தில் 285 இருக்கும் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். கேட்க ஒரு மாதம் இருக்கிறது, ஆனால் ஜனவரி 16க்கு முன் திருத்தினால் அடுத்த மாதமாவது பிழையின்றி வரும்.

2026 ஜனவரி 24 (கேட்டவர்)

நேற்று 1,884.97. பழைய 95உம் தனியாக வந்திருக்கிறது. கவுன்சில் டாக்ஸ் விண்ணப்பம் இன்னும் போடவில்லை.

ஜனவரி 24

போடுங்கள்.